கவலையை உண்கிறவர்கள்

கேள்வி: பாரசீகக் கவிதையில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் மது, கிண்ணம், ரோஜா, புல்புல். அரைத்த மாவையே அரைத்தவர்களை மகாகவிகள் என்று கொண்டாடுவது ஏன்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் படித்தது ஆங்கிலம் வழியாக வந்த மொழிபெயர்ப்பாக இருக்கும். மாவை அரைத்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

உருவகம் என்றால் கவிஞன் மேலே தூவுகிற சர்க்கரை என்றுதான் பள்ளியில் படித்தோம். 1980இல் மொழியியலாளர் லேக்காஃபும் தத்துவவாதி ஜான்சனும் அதை மறுத்தார்கள். அன்றாடப் பேச்சே உருவகத்தால் ஆனது, அதைக் கொண்டுதான் யோசிக்கவே செய்கிறோம் என்றார்கள். பாரசீகத்தில் இதைப் பார்க்க 'ஹோர்தன்' என்ற ஒரு வினைச்சொல் போதும். உண்பதும் அதுதான், குடிப்பதும் அதுதான். ('கள்ளுண்ணாமை' என்று அதிகாரம் வைத்திருக்கும் நமக்கு இது புதிதில்லை.) ஆனால் அவர்கள் தரையையும் உண்கிறார்கள், கீழே விழுந்தான் என்று பொருள். குளிரை உண்டால் ஜலதோஷம். சத்தியத்தையும் உண்பார்கள், ஆணையிடுகிறார்கள் என்று பொருள். கவலையையும் உண்பார்கள். நம்மைச் சளி பிடிக்கிறது, கவலை அரிக்கிறது. தமிழில் நாம்தான் தீனி. ஈரானியர் கவலையைத் தாமே எடுத்து உண்கிறார். பிறர் துயரில் பங்குகொள்பவருக்கு அங்கே 'கம்ஹார்' என்று பெயர்: கவலையை உண்பவர்.

பேச்சில் இதை யாரும் கவனிப்பதில்லை. பதினான்காம் நூற்றாண்டில் ஈரானின் ஷிராஸ் நகரில் வாழ்ந்த கவிஞர் ஹாஃபிஸ் கவனித்தார். 'இந்த இழிந்த உலகின் கவலையை எத்தனை நாள் உண்பாய், மதுவை உண்' என்கிறது அவருடைய ஒரு கஸல், அதாவது ஈரடிகளால் ஆன பாடல். இரண்டு இடத்திலும் அதே வினை. எப்படியும் உண்ணத்தான் போகிறாய், எதை என்று பார்த்துக்கொள் என்கிற குறும்பு அது. மொழிபெயர்ப்பில் கவலைக்கு ஒரு வினை, மதுவுக்கு வேறொரு வினை. முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது, மிஞ்சுவது ஒரு குடிகாரரின் அறிவுரை. அதைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் கோபப்படுகிறீர்கள்.

தொலைந்த யூசுஃப் (பைபிளில் யோசேப்பு) சொந்த நாடான கானானுக்குத் திரும்பி வருவான் என்று தொடங்கும் இன்னொரு கஸலில் ஒவ்வொரு ஈரடியும் 'கம் மஹோர்' என்று முடிகிறது. கவலையை உண்ணாதே. 'வருந்தாதே' என்று போட்டால் பொருள் வந்துவிடும். எடுத்த கவளத்தைக் கீழே வைக்கச் சொல்லும் குரல் வராது.

ரோஜா, புல்புல் விஷயத்தில் உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. பின்னால் வந்த சில்லறைக் கவிஞர்கள் அதை அரைத்துத்தான் தள்ளினார்கள். வேண்டுமானால் அவர்களைத் தனியாகத் திட்டலாம்.