பழைய கட்டடங்களில் அஸ்பெஸ்டஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொழும்புக் கோட்டையில், முன்பு களஞ்சியமாக இருந்த பழைய கட்டடத்தில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. கொதிகலன் அறையின் நீராவிக் குழாய்களைச் சுற்றிச் சாந்து பூசிய துணிபோல ஓர் உறை. திருத்த வேலைக்கு வந்தவர்கள் அதைச் சுத்தியலால் உடைக்கிறார்கள். வெள்ளைத் தூள் மேசை வரை வருகிறது. பயப்பட வேண்டுமா?

வேலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வெப்பம் வீணாகாமலிருக்கக் குழாய்களுக்கும் கொதிகலன்களுக்கும் அக்காலத்தில் சுற்றிய உறைகளில் அஸ்பெஸ்டஸ் எனும் நார்க் கனிமம் தாராளமாகச் சேர்க்கப்பட்டது. கூரைத் தகட்டில் அந்த நார்களைச் சீமெந்து இறுக்கிப் பிடித்திருக்கும். குழாய் உறையோ விரலால் நசுக்கினாலே உதிரும். அதுதான் மிக மோசமான வகை. நீலம், பழுப்பு எனும் அஸ்பெஸ்டஸ் வகைகளும் அதில் இருக்கக்கூடும். பிரித்தானியா அவ்விரண்டையும் 1985இலும், வெள்ளையை 1999இலும் தடைசெய்தது.

கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. மாதிரியை ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். முடிவு வரும்வரை அஸ்பெஸ்டஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறையைப் பூட்டுங்கள், மின்விசிறியை அணையுங்கள். விழுந்த தூளை விளக்குமாற்றால் கூட்ட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சேர்த்துக் கட்டிவையுங்கள்.

சில நாள் சுவாசித்ததால் நோய் வந்தே தீரும் என்றில்லை. எவ்வளவு தூசு, எத்தனை காலம் என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடும். ஆனால் அந்தச் சுத்தியலைப் பிடித்திருந்தவரை நினைத்துப் பாருங்கள். இன்று உங்கள் கட்டடம், நாளை இன்னொன்று என்று அவர் ஆண்டுக்கணக்கில் இதைச் சுவாசிக்கிறார். அவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு அஸ்பெஸ்டஸ் கூரை. மே மாத மழைக்கு முன் பாசியைக் கம்பித் தூரிகையால் உரசிக் கழுவலாமா?

வேண்டாம், சகோதரி. கம்பித் தூரிகையும் வேண்டாம், அழுத்த நீர்க்குழாயும் வேண்டாம். வெயிலும் மழையும் பட்ட பழைய தகட்டின் மேற்பரப்புச் சீமெந்து அரித்து நார் வெளியே நிற்கும். உரசினால் அது பெயரும். முற்றத்தில் வழிந்த சேறு காய்ந்ததும் தூசாகப் பறக்கும். முழுசாக, அசையாமல் இருக்கும் கூரையால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. பாசி இருந்துவிட்டுப் போகட்டும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், கிரைண்டரால் வெட்டவோ மேலிருந்து எறியவோ விடாதீர்கள். நீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, தகட்டை உடையாமல் இறக்கி, தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்ற வேண்டும். துணி முகக்கவசம் இதற்கு உதவாது. முகத்தோடு இறுகப் பொருந்தி நுண்தூசை வடிகட்டும் எஃப்எஃப்பி3 வகை வேண்டும். உடைந்த துண்டுகளை இடித்து ஒழுங்கைப் பள்ளத்தை நிரப்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் விளையாடும் மண் அது. எங்கே ஒப்படைப்பது என்பதை மாநகர சபையிடமோ மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமோ முன்கூட்டியே கேளுங்கள்.

அப்பா கப்பல் திருத்தும் வேலையில் இருந்தவர். இப்போது 71 வயது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. புகைப்பழக்கமும் உண்டு. (கொட்டாஞ்சேனை)

தாமதிக்க வேண்டாம். கப்பல் இயந்திர அறைகளில் இந்த உறைகள் நிறைய இருந்தன. அஸ்பெஸ்டஸ் நோய்கள் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். நுரையீரல் தழும்பேறி இறுகும் அஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா ஆகியவை முக்கியமானவை. மூச்சு வாங்குவதற்கு இதயம் உட்பட வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் வைத்தியர் பார்த்தே சொல்ல வேண்டும். அப்பாவின் தொழிலை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவசரத்தில் வைத்தியர் கேட்காமல் விடக்கூடும். வெலிசறை சுவாச நோய் வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

புகைத்தலை இந்த வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு. புகையும் அஸ்பெஸ்டஸும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகும். அவருடைய வேலை உடுப்புகளை அம்மா கையால் உதறித் துவைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்படி நோயுற்ற மனைவியர் பல நாடுகளில் உண்டு.

வெள்ளை அஸ்பெஸ்டஸ் பாதுகாப்பானது என்று கடைக்காரர் சொல்கிறாரே?

இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எல்லா வகையையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கையில் நீல வகைக்கு 1987இல் தடை வந்தது. வெள்ளைக்கு 2018 முதல் கட்டுப்பாடு வரவிருந்தது. 2017 டிசம்பரில் நம் தேயிலையில் வண்டு இருப்பதாகச் சொல்லி ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியதும் அரசு அதைக் கைவிட்டது. ரஷ்யா அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடு. நமது தொழிலாளரின் மூச்சு அன்று பேரம் பேசப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

அஸ்பெஸ்டஸ் கூரையில் வழியும் மழைநீரைப் பாவிக்கலாமா?

செடிகளுக்குத் தாராளமாக ஊற்றலாம். விழுங்கும் நாரால் தீங்கு என்பதற்கு உறுதியான சான்று இல்லை; ஆனாலும் குடிக்கக் குழாய் நீர் இருக்கும்போது இது தேவையில்லை. பீலியில் படிந்த சேற்றைக் காய விடாமல், ஈரமாக இருக்கும்போதே அள்ளிப் பையில் கட்டுங்கள்.