கேமரா பேட்டரியைப் பல வாரம் சும்மா வைக்கும்போது முழுச் சார்ஜில் வைக்கலாமா, காலி செய்துவிட்டு வைக்க வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். பாதிச் சார்ஜில் வையுங்கள். நான் கல்யாணப் புகைப்படக்காரன். இதை ஓர் ஆடி மாதத்தில் கற்றுக்கொண்டேன்.

ஆடியில் எங்களுக்கு முகூர்த்தம் கிடையாது. அந்த ஆண்டு ஐந்து பேட்டரிகளையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, தகரக் கூரை போட்ட மாடி அறையில் இரும்பு பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். ஆவணியின் முதல் கல்யாணத்தில் ஒன்றைக் கேமராவுக்குள் தள்ளும்போதே கொஞ்சம் இறுக்கமாகப் போயிற்று. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பந்தியைப் படமெடுக்கும்போது சார்ஜ் தீர்ந்தது. மூடியைத் திறந்து தாழ்ப்பாளை நகர்த்தினேன். வழக்கமாக ஸ்பிரிங் வெளியே தள்ளிவிடும். அன்று அசையவே இல்லை. உதவிக்கு வந்த பையன் எங்கிருந்தோ குறடு கொண்டுவந்து, "இழுத்துப் பார்க்கட்டுமா அண்ணே?" என்றான். நல்லவேளை, தடுத்துவிட்டேன். உப்பிய பேட்டரியில் குறட்டுப் பல் இறங்கினால் தீப்பிடிக்கலாம். மறுநாள் சர்வீஸ் கடையில் கேமராவின் அடிப்பகுதியைக் கழற்றித்தான் எடுத்தார்கள். மேசைமேல் வைத்தபோது அது தட்டையாக உட்காரவில்லை; விரலால் தொட்டால் தொட்டில்போல ஆடியது.

7.2 வோல்ட் என்று அச்சிட்ட லித்தியம் அயன் பேட்டரிக்குள் 2 செல்கள் இருக்கின்றன. முழுச் சார்ஜில் பொதுவாக ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த நிலையில் உள்ளே இருக்கும் மின்பகுதிரவம் மெல்லச் சிதைந்து வாயு உண்டாகிறது. வெயில் அதை வேகப்படுத்துகிறது. நான் இரண்டையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன். சரி, காலியாக வைத்தால்? சும்மா இருந்தாலும் சார்ஜ் சொட்டுச் சொட்டாக இறங்கும். மிகவும் தாழ்ந்துவிட்டால் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். அப்படிக் கிடந்ததை மறுபடி சார்ஜ் போடுவது ஆபத்து. "முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும்" என்று மூத்தவர்கள் சொல்வது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான பாடம்; இதற்குப் பொருந்தாது.

இப்போது ஆடி பிறந்தால் சார்ஜைப் பாதிக்குக் கொண்டுவந்து, கேமராவிலிருந்து கழற்றி, மூடி போட்டு, கீழ்வீட்டு மர அலமாரியின் அடித்தட்டில் வைக்கிறேன். கேமராவிலேயே விட்டால் அணைத்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். மூடி அவசியம்: பையில் கிடக்கும் சாவியோ சில்லறையோ முனைகளைத் தொட்டால் ஷார்ட் ஆகும். கேனானின் எல்பி-இ6 பேட்டரி மூடியில் ஒரு துளை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கமாக மாட்டினால் அதன் வழியே நீலம் தெரியும், திருப்பி மாட்டினால் தெரியாது. நீலம் என்றால் சார்ஜ் ஏற்றியது. நான் வெகுநாள் அதை வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஃபிலிம் ரோல் காலத்துப் பழக்கம் அது. குளிர் கெடுதல் இல்லை. வெளியே எடுத்ததும் முனைகளில் வியர்க்கும் நீர்தான் தொல்லை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

சீசன் தொடங்கும்போது ஒவ்வொன்றையும் கண்ணாடி மேசையில் வைத்து மூலையை அழுத்திப் பார்க்கிறேன். ஆடினால் சார்ஜரில்கூடப் போடுவதில்லை; முனைகளில் டேப் ஒட்டி, மாடியில் மணல் வாளிக்குள் வைத்துவிட்டு, மின்கழிவு எடுப்பவரிடம் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறேன்.