பாக்கி ஆட்டங்கள்: பாதியில் நின்ற 2019-20 கால்பந்து சீசன், கேள்வி பதில்

கொரோனாவால் பாதியில் நின்ற 2019-20 சீசனை முடித்தது சரியா, தவறா என்று கேளுங்கள், பதில் சொல்கிறேன் என்று போன வாரம் வாயை விட்டுவிட்டேன். நாற்பது கேள்விக்கு மேல் வந்துவிட்டது. மாவட்ட லீக் ஒன்றில் பதினாறு வருடம் அட்டவணையும் புள்ளிப் பட்டியலும் போட்டவன் என்பதுதான் என் தகுதி. ஆட்ட உத்தி எல்லாம் எனக்கு அரைகுறை. விதி, கணக்கு, வழக்கு என்றால் கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: பட்டியலில் ‘ஆடியவை’ என்று ஒரு கட்டம் இருக்கும், ஒவ்வொரு டீமும் அதுவரை எத்தனை ஆட்டம் ஆடியது என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.

சேலம் வாசகர்: ஒரே வரியில் சொல்லுங்கள் சார். முடித்திருக்க வேண்டுமா, கூடாதா?

முடிக்க வழி இருந்த இடத்தில் முடித்தது சரி.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. சீசன் நின்றால் என்ன செய்வது என்று எந்தப் பெரிய லீக்கும் முன்கூட்டித் தெளிவாக எழுதி வைத்திருக்கவில்லை. எல்லோரும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் விதி எழுத உட்கார்ந்தார்கள். எங்கள் லீக்கிலும் ஒரு வருடம் இது நடந்தது. மழையில் மைதானம் முழங்கால் தண்ணீர், நான்கு ஆட்டம் பாக்கி. கமிட்டி கூடியபோது மேசையில் பட்டியல் விரித்துக் கிடந்தது. யார் என்ன யோசனை சொன்னாலும், அவர் டீம் எந்த இடத்தில் இருக்கிறது என்று எல்லோர் கண்ணும் ஒரு தடவை பட்டியலுக்குப் போய்வந்தது. என்ன முடிவு எடுத்தோம் என்று கேட்காதீர்கள். இரண்டு கிளப்காரர்கள் இன்றும் என்னோடு பேசுவதில்லை.

கோவை வாசகர்: ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி முடிவு எடுத்தது ஏன்? நோய் ஒன்றுதானே?

நோய் ஒன்றுதான், அரசாங்கங்கள் வேறு. முதலில் ஒரு விஷயம்: 2020 மார்ச் 17 அன்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யுஇஎஃப்ஏ, நாடுகள் மோதும் யூரோ கோப்பையை ஒரு வருடம் தள்ளி வைத்தது. ஜூன், ஜூலை காலியானது அதனால்தான். அந்த இரண்டு மாதம் கிடைக்காமல் போயிருந்தால் இன்று நாம் பேச ஒன்றுமே இருந்திருக்காது.

ஜெர்மனி முதலில் தொடங்கியது. மே 16, டார்ட்மண்ட் 4, ஷால்கே 0, காலி மைதானம். ஸ்பெயின் ஜூன் 11, இங்கிலாந்து ஜூன் 17, இத்தாலி லீக் ஜூன் 20. இங்கிலாந்தில் மட்டும் 92 ஆட்டம் பாக்கி இருந்தது.

நெதர்லாந்தில் செப்டம்பர் 1 வரை கூட்டம் சேரும் நிகழ்ச்சிகளுக்கு அரசு தடை போட்டது. ஏப்ரல் 24 அன்று சங்கம் கடையைச் சாத்தியது: சாம்பியன் இல்லை, மேல் டிவிஷனுக்கு ஏற்றம் இல்லை, கீழ் டிவிஷனுக்கு இறக்கம் இல்லை. முதல் இரண்டு கிளப்பான அயாக்ஸும் ஏஇசட்டும் ஆளுக்கு 56 புள்ளியில் நின்றன. அந்த சீசனில் ஏஇசட் அயாக்ஸை இரண்டு முறையும் தோற்கடித்திருந்தது. கோல் வித்தியாசத்தில் அயாக்ஸ் மேலே. இதில் யாருக்குக் கோப்பை கொடுப்பது? கொடுக்காததே நல்லது. ஆனால் இரண்டாம் டிவிஷனில் முதலிடத்தில் இருந்த கம்பூர் பாவம். ஏற்றம், இறக்கம் வேண்டுமா என்று கிளப்புகளைக் கேட்டார்கள். 16 கிளப் வேண்டும் என்றது, 9 வேண்டாம் என்றது, 9 எதுவும் சொல்லவில்லை. போதுமான ஆதரவு இல்லை என்று சொல்லிச் சங்கம் வேண்டாம் என்றே முடித்துவிட்டது. கம்பூர் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. அடுத்த வருடம் ஆடி ஜெயித்து மேலே வந்தது.

தூத்துக்குடி வாசகர்: 2020ல் லிவர்பூல் வாங்கிய இங்கிலாந்து பிரீமியர் லீக் கோப்பைக்குப் பக்கத்தில், முழுசாகச் செல்லாது என்று நட்சத்திரக் குறி போட வேண்டாமா?

வேண்டாம். நின்றபோது லிவர்பூல் 29 ஆட்டத்தில் 82. மான்செஸ்டர் சிட்டி 28 ஆட்டத்தில் 57. சிட்டி பாக்கி பத்தையும் ஜெயித்திருந்தால்கூட 87தான். லிவர்பூலுக்கு ஒன்பது ஆட்டத்தில் இரண்டு வெற்றி போதும். அதையும் ஆடித்தான் வாங்கினார்கள். ஜூன் 25 அன்று செல்சி சிட்டியை 2-1 என்று தோற்கடித்ததும் பட்டம் உறுதி. கடைசியில் 99 புள்ளி.

பெயர் வேண்டாம் என்றவர்: பார்வையாளர் இல்லாமல் வாங்கிய கோப்பை கோப்பையா?

பார்வையாளர் இருந்தபோதே 82 வாங்கிவிட்டார்கள். மேலே பாருங்கள்.

புதுச்சேரி வாசகர்: பிரான்ஸ் அவசரப்பட்டதா அண்ணே?

ஆமாம். ஏப்ரல் 28 அன்று பிரதமர் எதுவார் ஃபிலிப் நாடாளுமன்றத்தில் தொழில்முறை விளையாட்டு சீசன்கள் மீண்டும் தொடங்காது என்றார். இரண்டே நாளில் லீக் பட்டியலை மூடியது. ஜெர்மனிக்காரன் பந்தை உருட்டக் காத்திருந்த நேரம் அது. பத்துச் சுற்று பாக்கி. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று சராசரி போட்டு பாரிஸ் கிளப்புக்குப் பட்டம் கொடுத்தார்கள். அதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை மற்ற இடங்களில். லியோன் ஏழாவது. இருபது வருடத்துக்கு மேல் விடாமல் ஐரோப்பியப் போட்டியில் ஆடிய கிளப், அடுத்த சீசன் வெளியே. இறங்க வேண்டிய இரண்டில் ஒன்று அமியான், 23 புள்ளி, அதற்கு மேலே நீம் 27. பத்து ஆட்டத்தில் நான்கு புள்ளி ஒரு தூரமா? இன்னொன்று துலூஸ், 13 புள்ளியில் கிடந்தது, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஜூன் 9 அன்று ஒரு விசித்திரமான தீர்ப்பு சொன்னது. சீசனை முடித்தது செல்லும், இறக்கத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள், யோசியுங்கள் என்றது. லீக் யோசித்தது, வாக்கெடுப்பு வைத்தது, அடுத்த சீசனிலும் இருபது கிளப்தான் என்று சொல்லி இரண்டையும் இறக்கியே விட்டது.

அப்புறம் ஆகஸ்டில் லிஸ்பனில் என்ன நடந்தது? ஏழாவது இடத்து லியோன் மான்செஸ்டர் சிட்டியை 3-1 என்று அடித்து சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குப் போனது. பாரிஸ் இறுதி ஆட்டம் வரை போய் ஜெர்மனியின் பாயர்னிடம் 1-0 என்று தோற்றது. ஓய்வெடுத்ததால் ஆடினார்களா, ஓய்வையும் மீறி ஆடினார்களா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

திருநெல்வேலி வாசகர்: சராசரி போட்டு முடிப்பதுதான் நியாயம். எல்லோருக்கும் ஒரே கணக்கு. 92 ஆட்டம் ஆடி பிரீமியர் லீக் என்ன நியாயத்தைக் கண்டது? ஆஸ்டன் வில்லா திருட்டுப் புள்ளியில் தப்பித்தது!

வந்துவிட்டீர்களா? இந்த ஒன்றுக்கே பன்னிரண்டு கேள்வி. சேர்த்துச் சொல்கிறேன்.

ஜூன் 17, மறுபடி தொடங்கிய முதல் ஆட்டம். வில்லாவும் ஷெஃபீல்ட் யுனைடெட்டும். ஷெஃபீல்டின் நார்வுட் அடித்த ஃப்ரீ கிக்கை வில்லா கோல்கீப்பர் நைலண்ட் பிடித்து, பந்தோடு கோட்டுக்கு உள்ளே போய்விட்டார். டிவி பார்த்த குழந்தைக்கும் அது கோல். பந்து கோட்டைத் தாண்டினால் அதிர வேண்டிய நடுவரின் கைக்கடிகாரம் அதிரவில்லை. அந்தக் கேமரா ஏற்பாட்டை நடத்தும் ஹாக்-ஐ நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது: ஏழு கேமராவையும் ஆட்கள் மறைத்துவிட்டார்கள், 9,000க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இப்படி ஆனதில்லை என்றது. ஆட்டம் 0-0.

அங்கே கடைசி மூன்று டீம் இறங்கும். கடைசிப் பட்டியல்: வில்லா 35, போர்ன்மவுத் 34, வாட்ஃபோர்ட் 34. அந்த கோல் கொடுக்கப்பட்டு ஆட்டம் 1-0 என்றே முடிந்திருந்தால் வில்லாவும் 34. கோல் வித்தியாசம் வில்லாவுக்கு மைனஸ் 27, போர்ன்மவுத்துக்கு மைனஸ் 25. போர்ன்மவுத் தப்பித்திருக்கும். இதுவரை உங்கள் பக்கம்.

இப்போது ‘ஆடியவை’ கட்டத்தைப் பாருங்கள். மார்ச்சில் நின்றபோது வில்லா 28 ஆட்டத்தில் 25, சராசரி 0.89. போர்ன்மவுத்தும் வாட்ஃபோர்டும் 29 ஆட்டத்தில் ஆளுக்கு 27, சராசரி 0.93. கோல் வித்தியாசத்தில் ஒரே ஒரு கோல் வாட்ஃபோர்ட் மேலே. நீங்கள் கேட்கும் சராசரி முறையில் கடைசி இடத்தில் கிடந்த நார்விச், வில்லா, போர்ன்மவுத் மூன்றும் இறங்கும், வாட்ஃபோர்ட் தப்பிக்கும். அதாவது உங்கள் போர்ன்மவுத் உங்கள் கணக்கிலும் காலி! சீசனை முடித்ததில் உண்மையாகவே நஷ்டப்பட்டது வாட்ஃபோர்ட், லாபம் வில்லாவுக்கு. இதை ஒருவரும் கேட்கவில்லை.

அதே திருநெல்வேலி வாசகர்: கேமரா பிழையை ஆட்டத்தின் பகுதி என்கிறீர்களா?

நான் எங்கே சொன்னேன்? தப்பு தப்புதான். வீடியோ நடுவர் தலையிட்டிருக்கலாம், தலையிடவில்லை. நான் சொல்வது, அந்தத் தப்புக்கு அப்புறம் வில்லாவுக்கு இன்னும் ஒன்பது ஆட்டம் இருந்தது, போர்ன்மவுத்துக்கும் ஒன்பது இருந்தது. கடைசி நாளில் ஒரு புள்ளி குறைந்தது என்று ஜூன் 17ஐ மட்டும் பிடித்துத் தொங்குவது என் மேசைக்கு வரும் கிளப் செயலாளர்களின் பழக்கம். சீசன் தொடங்கிய ஆகஸ்டில் தோற்ற ஆட்டத்தை யாரும் எண்ணுவதில்லை.

நாகர்கோவில் வாசகர் (இடையில் புகுந்து): அப்படியென்றால் போர்ன்மவுத் வீரர் ரயன் ஃப்ரேசர் நடுவில் போனது?

அது நல்ல கேள்வி, நெல்லைக்காரர் விட்டுவிட்டார். வீரர்களின் ஒப்பந்தம் வழக்கமாக ஜூன் 30 அன்று முடியும். சீசன் ஜூலை 26 வரை நீண்டது. சீசன் முடியும்வரை ஒப்பந்தத்தை நீட்டுங்கள் என்று ஃபிஃபா ஏப்ரலிலேயே யோசனை சொன்னது. ஆனால் கையெழுத்துப் போடுவது வீரரின் இஷ்டம். ஃப்ரேசர் போடவில்லை, போய்விட்டார். போர்ன்மவுத் ஒரு புள்ளியில் இறங்கியது. சீசனை முடிக்கணும் என்று சொல்கிற என் கட்சிக்கு இதுதான் மோசமான இடம். ஆடத் தொடங்கிய டீமும் ஆடி முடித்த டீமும் ஒன்றல்ல.

திருநெல்வேலி வாசகர்: ஒப்புக்கொண்டீர்களா!

பாதி. அடுத்த கேள்வி.

ஈரோடு வாசகர்: லிவர்பூலுக்கு நட்சத்திரக் குறி...

ஐயா, மேலே பாருங்கள்.

திண்டுக்கல் வாசகர்: ஸ்காட்லாந்தில் ஒரு மின்னஞ்சலால் சீசன் முடிந்தது என்கிறார்களே, கதையா?

கதை இல்லை. கீழ் டிவிஷன்களை அப்படியே முடிக்க வாக்கெடுப்பு. இரண்டாம் டிவிஷனில் பத்தில் எட்டுக் கிளப் சம்மதிக்க வேண்டும். ஏழு சம்மதம் வந்தாயிற்று. ஏப்ரல் 10 மாலை ஐந்து மணிக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். டண்டீ கிளப் ‘வேண்டாம்’ என்று அனுப்பிய வாக்கு, சந்தேகத்துக்குரிய அஞ்சல்களைத் தடுத்து வைக்கும் பெட்டியில் சிக்கிக்கொண்டது. வாக்கு வரவில்லை என்றதும் டண்டீ அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றது. ஐந்து நாள் கழித்து ‘சரி’ என்று வாக்களித்தது. அதோடு முடிந்தது. மே 18 அன்று முதல் டிவிஷனையும் சராசரி போட்டு மூடினார்கள். செல்டிக் 13 புள்ளி முன்னால், சாம்பியன். கடைசியில் இருந்த ஹார்ட்ஸ் நான்கு புள்ளி பின்னால், எட்டு ஆட்டம் பாக்கி, கீழே. கோர்ட், நடுவர் மன்றம் எல்லாம் ஏறி இறங்கி ஜூலையில் தோற்றது.

எங்கள் லீக்கில் வாக்கு என்றால் கையைத் தூக்குவதுதான். எந்தப் பெட்டியிலும் சிக்காது.

சென்னை வாசகி: பெண்கள் லீக் பற்றி யாரும் கேட்கவில்லையே?

நீங்கள் கேட்டீர்களே, நன்றி. ஆண்கள் லீக்கைத் தொடரப் பணமும் பரிசோதனையும் கிடைத்தன. இங்கிலாந்தின் பெண்கள் சூப்பர் லீக் மே 25 அன்று முடிக்கப்பட்டது. மான்செஸ்டர் சிட்டி 16 ஆட்டத்தில் 40, செல்சி 15 ஆட்டத்தில் 39. மேலே இருந்தது சிட்டி, கோப்பை செல்சிக்கு. (‘ஆடியவை’ கட்டம்! சராசரியில் செல்சி மேலே.) இறங்கியது யார் தெரியுமா? லிவர்பூல் பெண்கள். ஆண்கள் முப்பது வருடக் காத்திருப்பு தீர்ந்து ஆடிக்கொண்டிருந்த அதே ஜூனில், அதே கிளப்பின் பெண்கள் ஒரு ஆட்டம்கூட ஆட வாய்ப்பில்லாமல் கீழே போனார்கள். நட்சத்திரக் குறி தேடுகிறவர்கள் இங்கே வரலாம்.

மதுரை வாசகர்: மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது பந்து முக்கியமா?

முக்கியம் இல்லை. ஆனால் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். கூட்டம் கூட்டியது தவறு. பிப்ரவரி 19 அன்று இத்தாலியின் பெர்கமோ ஊர் ஜனம் ஒரு ஆட்டம் பார்க்க மிலானின் சான் சீரோ மைதானத்துக்குத் திரண்டு போனது. மார்ச் 11 அன்று லிவர்பூல் மைதானம் நிறைந்திருந்தது, மாட்ரிட்டிலிருந்து 3,000 பேர் வந்திருந்தார்கள். காலி மைதானத்தில் பரிசோதனை செய்து ஆடியது வேறு சங்கதி. அதிலும் யாரையும் கட்டாயப்படுத்தியிருக்கக் கூடாது. வாட்ஃபோர்டின் ட்ராய் டீனி, கைக்குழந்தைக்கு மூச்சுப் பிரச்சினை என்று முதலில் பயிற்சிக்கு வரவில்லை. அதை யார் குறை சொல்வது?

கரூர் வாசகர்: கொரோனா வந்து போன பிறகு ஓட்டப் பயிற்சி எப்போது தொடங்கலாம்?

டாக்டரைக் கேளுங்கள்.

திருச்சி வாசகர்: நம் ஊரில் என்ன ஆனது?

ஐஎஸ்எல் தப்பித்தது. சென்னையின் எஃப்சி ஆடிய இறுதி ஆட்டம் மார்ச் 14, கோவா ஃபத்தோர்டா, ஆள் இல்லாத மைதானம். கொல்கத்தாவின் ஏடிகே 3-1 என்று ஜெயித்தது. ஐ-லீக்கில் மோகன் பகான் மார்ச் 10 அன்றே, நான்கு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே பட்டத்தை உறுதி செய்துவிட்டது. பாக்கியை ரத்து செய்ததில் மேலே தகராறு இல்லை, கீழே யாரையும் இறக்கவும் இல்லை. மற்ற பத்துக் கிளப்புக்கும் மீதிப் பரிசுப் பணத்தைச் சமமாகப் பிரித்தார்கள்.

விருதுநகர் வாசகர்: போருக்காக நின்ற சீசனை என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தில் 1939ல் மூன்று சுற்றோடு அழித்துவிட்டார்கள். மூன்றும் ஜெயித்து முதலிடத்தில் இருந்தது பிளாக்பூல்.

ராமநாதபுரம் வாசகர்: லிவர்பூல் கோப்பை செல்லுமா?

...

காரைக்குடி வாசகர்: அப்படி முழுசாக அழிக்கப்பட்டதில் உங்களுக்கு மிகவும் வலித்தது எது சார்?

ஜெர்சி புல்ஸ். ஆங்கிலக் கால்வாயில் ஜெர்சி தீவின் புதிய கிளப், முதல் சீசன், இங்கிலாந்துப் பட்டியலின் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு டிவிஷன். 27 ஆட்டம், 27 வெற்றி. ஏற்றம் உறுதியாகிவிட்டது. 2020 மார்ச் 26 அன்று அந்த மட்டத்து முடிவுகளையெல்லாம் சங்கம் துடைத்துப் போட்டது. அடுத்த சீசனும் பாதியில் நின்றது. 2021ல் லீக்குகளை மாற்றி அமைத்தபோது இரண்டு அரைகுறை சீசனையும் சேர்த்துக் கணக்குப் போட்டு மேலே ஏற்றினார்கள். அழித்ததாகச் சொன்ன தாளை யாரோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்.