எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது

அன்புள்ள சார்,

மெல்பர்னில் மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். 2023 ஜூலை 1 முதல் இங்கே அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் பிடிஎஸ்டிக்கு (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) எம்டிஎம்ஏ என்ற மனநிலையை மாற்றும் மருந்தை எழுதித் தரலாம். அந்தச் சிகிச்சையில் துணையாக உட்காரும் பயிற்சியில் சேரலாமா என்று யோசிக்கிறேன். உடன் வேலை செய்பவர் ஒருவர், "தானே ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்காதவர் இதில் உட்காரவே கூடாது" என்கிறார். உங்கள் கருத்து?

ஒரு வாசகி

வணக்கம்மா,

அவர் சொல்வது பழைய வாதம்தான். 1950களில் கனடாவின் வெய்பர்ன் மனநல மருத்துவமனையில் ஹம்ப்ரி ஆஸ்மண்டும் சகாக்களும் எல்எஸ்டி என்ற மாயக்காட்சி தரும் மருந்தைத் தாங்களே எடுத்துப் பார்த்தார்கள். நோயாளியின் உலகத்தை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். (இப்படி மனதின் உணர்வையே மாற்றும் மருந்துகளுக்கு 'சைக்கடெலிக்' என்ற சொல்லை உண்டாக்கியவரும் ஆஸ்மண்ட்தான்.) எனக்கு இதில் உடன்பாடில்லை. பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி பிள்ளை பெற்றவளாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? தன் அனுபவத்தில் சொக்கிப்போனவர், படுத்திருப்பவருக்கும் அதுவே வர வேண்டும் என்று தள்ள ஆரம்பித்துவிடுவார்.

என் கவலையெல்லாம் கையைப் பற்றித்தான்.

எம்டிஎம்ஏ ஆய்வுகளில் ஒரு மருந்து அமர்வு எட்டு மணி நேரம். நோயாளி கண்ணைக் கட்டிக்கொண்டு இசை கேட்டபடி படுத்திருப்பார், பக்கத்தில் இருவர். பெரும்பாலான நேரம் அந்த இருவருக்கும் வேலையே இருக்காது. ஓயாமல் ஓடியே பழகிய செவிலியருக்கு இதைவிடக் கஷ்டம் ஏது? திடீரென்று அவர் தேம்பி அழுவார், உங்கள் கை தானாக நீளும். நல்ல மனதோடுதான் நீளும். அதனால்தான் எங்கே தொடலாம், எங்கே கூடாது என்பதை மாத்திரை உள்ளே போவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். நிறுத்தச் சொன்னால் அந்த நொடியே கை விலக வேண்டும். நடுவில் அவரே "கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டாலும், முன்பு பேசாதது என்றால் கிடையாது. பயத்தைக் குறைத்து நம்பிக்கையைக் கூட்டுவதுதான் எம்டிஎம்ஏயின் வேலை. அந்த நேரத்துச் 'சரி'யை அவர் சொல்கிறாரா, மருந்து சொல்கிறதா?

வான்கூவரில் ஓர் ஆய்வில் இதுதான் பிசகியது. சிகிச்சையாளர்கள் இருவர், கணவன் மனைவி, 2015இல் ஒரு பெண்ணை அமர்வின்போது அணைத்துப் படுத்ததும் அழுத்திப் பிடித்ததும் வீடியோவில் பதிவாகியிருக்கின்றன. கணவருக்குச் சிகிச்சை உரிமமே இல்லை. ஆனால் சைக்கடெலிக் ஆராய்ச்சியில் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர். அந்த இடத்துத் தரவுகளும் சேர்ந்திருந்த மூன்று கட்டுரைகளை 2024 ஆகஸ்டில் ஓர் ஆய்விதழ் திரும்பப் பெற்றது. இப்போது உங்கள் நண்பரின் வாதத்தை யோசித்துப் பாருங்கள்.

பயிற்சியின் மணிக்கணக்கை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். அமெரிக்காவின் ஓரிகனில் சைலோசைபின் (சிலவகைக் காளான்களில் உள்ள சைக்கடெலிக்) அமர்வுக்குத் துணை இருப்பவருக்கு 120 மணி நேரப் பாடமும் 40 மணி நேரச் செய்முறையும் கேட்கிறார்கள். மருத்துவப் படிப்பு தேவையில்லை. அது வேறு ஏற்பாடு. நீங்கள் சேரும் இடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: தொடுதலை எத்தனை முறை நடித்துப் பழகவைப்பீர்கள்? என் அமர்வு வீடியோவை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அப்புறம் கட்டணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.