ஐம்பதாயிரம் ரூபாய் வாக்குவம் கிளீனர்: டெல்லி வீட்டுக்குத் தேவையா?

டெல்லியில் இரண்டு படுக்கையறை வீடு, தரை முழுக்க டைல்ஸ், பையனுக்குத் தூசி ஒவ்வாமை, கையில் 50,000 ரூபாய். கம்பியில்லாத, பேட்டரியில் ஓடும் உயர்ரக வாக்குவம் கிளீனர் வாங்கினால் கொடுத்த காசுக்குத் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தரைக்காக வாங்குவதென்றால் தகாது. மெத்தைக்கும் சோபாவுக்கும் என்றால் வாக்குவம் கிளீனர் கட்டாயம் வேண்டும், ஆனால் அதற்கு ஐம்பதாயிரம் வேண்டாம்.

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் இரண்டு வகையும் இருக்கின்றன. வயரோடு இழுத்துக்கொண்டு திரியும் பழைய டிரம் வடிவ வாக்குவம் ஒன்று. என் கணவர் போனஸ் வந்த மகிழ்ச்சியில் வாங்கிவந்த கம்பியில்லாதது ஒன்று. இரண்டையும் வைத்துப் புழங்குவதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை யோசியுங்கள். அந்த மெஷினை வீட்டில் யார் கையில் எடுக்கப் போகிறார்கள்? வெளிநாட்டு விமர்சன வீடியோக்களில் வீட்டுக்காரரே வாரம் ஒருமுறை கம்பளத்தைச் சுத்தம் செய்வார். நம் ஊர் வீடுகளில் தினமும் காலையில் வேலைக்கு வருபவர் பெருக்கித் துடைக்கும் ஜாடு‑போச்சா நடக்கிறது. ஆகவே ஐம்பதாயிரத்தை இன்னொரு மெஷினின் விலையோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பெருக்கித் துடைக்க நீங்கள் மாதாமாதம் கொடுக்கும் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள், எத்தனை மாதம் வருகிறதென்று தெரியும். அதிலும் மெஷின் வந்த பிறகு போச்சா நின்றுவிடப் போவதில்லை.

எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா விழுப்புரம் பக்கத்துக்காரர், திரிலோக்புரியில் குடியிருக்கிறார். புது மெஷின் வந்த அன்று அவரிடம் நீட்டினேன். கையில் வாங்கி, எடை பார்ப்பது மாதிரி ஒருமுறை தூக்கிவிட்டு, “எவ்வளவு ஆச்சு?” என்றார். சொன்னேன். “அப்ப நீங்களே வச்சுக்கோங்கம்மா, கீழ போட்டா நான் எங்க போறது” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தள்ளுவது நாங்கள்தான். பழைய டிரம்மை மட்டும் அவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் எடுப்பார், ஜன்னல் சட்டத்தின் பள்ளங்களில் வைத்து உறிஞ்சுவார்.

டெல்லித் தூசி எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். மே, ஜூனில் ராஜஸ்தான் பக்கமிருந்து ஆந்தி என்னும் புழுதிக்காற்று அடித்தால், எல்லா ஜன்னலையும் சாத்தியிருந்தாலும் சாயங்காலத்துக்குள் சாப்பாட்டு மேஜையில் விரலால் பெயர் எழுதலாம். இந்தத் தூசியைத் துடைப்பத்தால் பெருக்கினால் பாதி மேலே எழும்பி, பிறகு நிதானமாக வந்து சோபாவில் உட்காரும். ஆனால் டைல்ஸ் தரையில் ஈர மாப் போட்டால் அது அடங்கிவிடும். பெருக்குவதைக் குறைத்து ஈரத்துடைப்பைக் கூட்டினாலே தரைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. துணியில் ஏறியதுதான் மாப்புக்குச் சிக்காது: மெத்தை, சோபா, திரைச்சீலை, ஜமக்காளம். வாக்குவம் கிளீனருக்கு உண்மையான வேலை அங்கேதான்.

ஒவ்வாமைக்கு வருகிறேன். வீட்டுத் தூசி ஒவ்வாமையில் அடிக்கடி குற்றவாளி டஸ்ட் மைட் எனப்படும் உண்ணிதான். கால் மில்லிமீட்டர் அளவு, கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும். தும்மலையும் இழுப்பையும் கிளப்புவது பெரும்பாலும் அதன் கழிவு. காற்றில் ஈரம் ஏறினால் பெருகும் என்பதால், டெல்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை இதன் கொண்டாட்டக் காலம். நூலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் உயிருள்ள உண்ணியை எவ்வளவு பலமான மெஷினாலும் முழுசாக இழுத்துவிட முடியாது. கழிவையும் செதிலையும் ஓரளவு எடுக்கலாம், அவ்வளவுதான். கம்பியில்லாததை முதல்முறை மெத்தையில் ஓட்டியபோது அதன் குடுவையில் சேர்ந்தது சாம்பல் நிறத்தில் அரிசிமாவு மாதிரி இருந்தது. தினம் விரிப்பை உதறிப் போடும் மெத்தையில்!

அதனால் பையனுக்காகச் செலவு செய்வதென்றால் முதலில் மெத்தையையும் தலையணையையும் முழுசாக மூடி ஜிப் போடும் நெருக்கமான நெசவு உறை வாங்குங்கள். விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், தண்ணீரைச் சூடாக்கும் வாஷிங் மெஷினில் அந்த அமைப்பு இருக்கும். வாக்குவம் மூன்றாவது இடத்தில்தான் வரும். இன்னொன்று, அதை ஓட்டும்போது பையன் அந்த அறையில் இருக்கக் கூடாது, முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் வர வேண்டும். எந்த மெஷினும் ஓடும்போது கொஞ்சம் தூசியைக் கிளப்பத்தான் செய்யும்.

குடுவையைக் கொட்டுவதும் ஒரு வேலை. பை இல்லாத மாடலில் பித்தானை அமுக்கினால் அடிமூடி படக்கென்று திறக்கும். பால்கனியில் நின்று கொட்டினால் பாதி முகத்துக்கே திரும்பி வரும். பிளாஸ்டிக் கவருக்குள் குடுவையை விட்டு, வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். ஒவ்வாமை உள்ள வீட்டுக்குத் தூக்கி எறியும் பை வைத்த மாடல்தான் நல்லது, தூசி பையோடு போய்விடும். கடைகளில் அந்த வகை குறைவு, கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து பெட்டிமேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட். 1400, 1600 என்று போட்டிருப்பது மோட்டார் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதுதான், எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1600 வாட்டுக்கு மேலும், 2017இல் 900 வாட்டுக்கு மேலும் உள்ள வீட்டு வாக்குவம் கிளீனர்களை விற்பனைக்குக் கொண்டுவரத் தடை போட்டது. அதன் பிறகும் அங்கே வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. விற்பனையாளர் வாட்டைச் சொன்னால் கேட்டுக்கொண்டு நகருங்கள்.

கேட்க வேண்டியது ஃபில்டரைப் பற்றி. ஹெப்பா ஃபில்டர் என்றால் 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் ஃபில்டர் நன்றாக இருந்து, மெஷினின் உடம்பில் இணைப்புகள் இறுக்கமாக இல்லாவிட்டால் காற்று இடுக்கு வழியாகத் தப்பித்துவிடும். கடையிலேயே ஓடவிட்டுப் பின்பக்கம் வரும் காற்றை முகர்ந்து பாருங்கள். தூசி வாடை அடித்தால் அந்த மாடல் உங்கள் பையனுக்கு ஆகாது.

சரி, அவ்வளவு விலைக்கு என்னதான் கொடுக்கிறார்கள்? ஏமாற்று வேலை இல்லை, உண்மையான பொறியியல்தான். காற்றைச் சுழலவிட்டு, தூசியைச் சுவரோரம் ஒதுக்கிப் பிரிக்கும் சைக்ளோன் முறையை வீட்டு மெஷினில் கொண்டுவர பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார். பை அடைபட்டு உறிஞ்சும் பலம் குறைகிற தொல்லை இதில் இல்லை. மோட்டார் சின்னது, வேகம் மிக அதிகம், கையில் பிடித்தே ஓட்டலாம். வயரை அவிழ்த்து, பிளக் தேடி, குழாயை மாட்டும் சடங்கு கிடையாது. நினைத்தவுடன் எடுக்கலாம், அதனால் அடிக்கடி எடுப்போம். கூடுதல் காசு முக்கால்வாசி இந்தச் சௌகரியத்துக்குத்தான்.

இந்தச் சௌகரியத்தின் மறுபக்கம் பேட்டரி. முழு வேகத்தில் வைத்தால் பல மாடல்கள் பத்து நிமிஷம்கூட நிற்பதில்லை, ஒரு இரட்டைக் கட்டில் மெத்தையை இரண்டு பக்கமும் எடுப்பதற்குள் மூச்சு வாங்கும். லித்தியம் அயன் பேட்டரி ஆண்டுகள் போகப் போகத் தேயும், வெயில் காயும் பால்கனியில் சார்ஜ் போட்டால் இன்னும் சீக்கிரம். மாற்றுப் பேட்டரி விலையில் ஒரு சாதாரண டிரம் மெஷினே வந்துவிடும், வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். சுழலும் பிரஷ்ஷில் நீளமான தலைமுடி சுற்றிக்கொள்வதும் உண்டு, கத்தரிக்கோலோடு உட்கார வேண்டும்.

தானே ஓடும் ரோபோ வாக்குவம் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நிலைப்படி இல்லாத, தரையில் பொருள் கிடக்காத வீடாக இருந்தால் வாங்கலாம். மெத்தைமேல் அது ஏறாது.

நவம்பர் விஷயத்தையும் கணக்கில் வையுங்கள். புகை மூடும் அந்த வாரங்களில் பையனை வதைப்பது காற்றில் மிதக்கும் பி.எம். 2.5 என்னும் நுண்துகள். வாக்குவம் கிளீனர் படிந்ததை எடுக்கும், மிதப்பதை ஒன்றும் செய்யாது. அதற்கு ஏர் ப்யூரிஃபையர்தான், அதுவும் அவன் தூங்கும் அறையின் அளவுக்குச் சரியானது.

உங்கள் ஐம்பதாயிரம் என் கையில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: ஏழெட்டாயிரத்துக்கு ஹெப்பா ஃபில்டரும் மெத்தைக்கான தனித் தலையும் உள்ள, வயர் வைத்த வாக்குவம், முடிந்தால் பை வைத்தது. வீட்டில் உள்ள எல்லா மெத்தைக்கும் தலையணைக்கும் உறை. பையன் அறைக்கு நல்ல ப்யூரிஃபையர், அதற்கு இரண்டு வருஷத்துக்கான மாற்று ஃபில்டர். இவ்வளவுக்குப் பிறகும் கணிசமாக மிஞ்சும். வீடு முழுக்கக் கம்பளம் விரித்திருந்தாலோ, முடி கொட்டும் நாய் பூனை இருந்தாலோ, முதுகுவலியால் கனமான டிரம்மை இழுக்க முடியாவிட்டாலோ, கம்பியில்லாததைத் தயங்காமல் வாங்கச் சொல்வேன். உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை.

வாக்குவத்துக்குத் தீபாவளித் தள்ளுபடி வரை காத்திருக்கலாம், விலை நன்றாகவே இறங்கும். மெத்தை உறையை மட்டும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.