வீட்டில் இசை செய்து பார்க்க ஒரு சின்ன சிந்தசைசர் வாங்கலாமா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. கணினியில் இலவச மென்பொருளே கிடைக்கும்போது தனியாக ஒரு கையடக்க சிந்தசைசர், அதாவது மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கருவி, எதற்கு? முறையாக இசை கற்காத ஒருவருக்கு அது பயன்படுமா? இரண்டாவதற்கு முதலில் சொல்கிறேன். பயன்படும். நானும் முறையாகக் கற்றவன் இல்லை. ஆனால் ஒலி என்பது எப்படி உருவாகிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சின்னப் பெட்டிதான்.

என்னிடம் இருப்பது கோர்க் வோல்கா கீஸ். 2013ல் வந்தது. ஒரு நாவல் புத்தகத்தின் அளவுதான் இருக்கும். ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும், உள்ளேயே ஒரு குட்டி ஸ்பீக்கரும் உண்டு. 27 கட்டைகள், அவை அழுந்தாது, விரல் பட்டாலே ஒலிக்கும். வாங்கிய புதிதில் எனக்குத் தெரிந்த பாட்டுகளை அதில் வாசிக்கப் பார்த்தேன். மூன்றாம் நாள் அதை விட்டுவிட்டு, ஒரே கட்டையில் விரலை வைத்துக்கொண்டு மறு கையால் குமிழ்களைத் திருக ஆரம்பித்தேன். எனக்கு அதன் வாசல் திறந்தது அப்போதுதான்.

நீங்களும் இப்போதே ஒன்று செய்து பாருங்கள், கருவி எதுவும் வேண்டாம். ஒரே சுருதியில் "ஊ" என்று இழுங்கள். நிறுத்தாமல் வாயை மெல்லத் திறந்து "ஆ"வுக்கு வாருங்கள். சுருதி அப்படியே இருக்கிறது, தொண்டை முன்பு செய்ததையே செய்கிறது, வாயின் வடிவம் மட்டும்தான் மாறியது. சிந்தசைசர் வேலை செய்வதும் இப்படித்தான். ஆசிலேட்டர்தான் தொண்டை. அதிலிருந்து வரும் ஒலி கரகரவென்று, உச்ச அதிர்வெண்கள் நிறைந்து முரட்டுத்தனமாக இருக்கும். ஃபில்டர்தான் வாய். எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்வது கட்டாஃப் குமிழ். அதை இடப்பக்கம் திருப்பத் திருப்ப மேலே உள்ள அதிர்வெண்கள் மங்கிக்கொண்டே போய், பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ வாசிப்பது போல ஆகிவிடும். வலப்பக்கம் திருப்பினால் கதவு திறக்கும். பீக் குமிழ், வெட்டுகிற இடத்தை ஒட்டிய அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும். அதை ஏற்றி வைத்துக்கொண்டு கட்டாஃபைத் திருப்பினால், நீங்கள் வாயால் செய்த அந்த "ஊ... ஆ..." அப்படியே பெட்டியிலிருந்து வரும். முதல் முறை கேட்டபோது எனக்குப் புல்லரித்தது.

அடுத்தது என்வலப், ஒலி எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்று சொல்லும் பகுதி. இதற்கு நம் எழுத்துகளே போதும். "ப" சொல்லும்போது ஒலி சட்டென்று வெடித்து வருகிறது. "ம" மெல்ல ஊறி வருகிறது. அட்டாக் குமிழ் செய்வது இதுதான்: பூஜ்யத்தில் வைத்தால் வல்லினம், ஏற்றினால் மெல்லினம். டிகே, சஸ்டெய்ன் எல்லாம் அந்த ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்கும், விரல் இருக்கும்வரை எந்த அளவில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை. எல்எஃப்ஓ என்பது காதுக்கே கேட்காத ஒரு மெதுவான அலை. அதைச் சுருதிக்குக் கொடுத்தால் குரல் நடுங்குவது போலிருக்கும், கட்டாஃபுக்குக் கொடுத்தால் வாய் தானாகத் திறந்து மூடும். இவ்வளவு புரிந்துவிட்டால் உலகத்தில் உள்ள பாதி சிந்தசைசர்களை உங்களால் இயக்க முடியும்.

இதையெல்லாம் மென்பொருளில் செய்ய முடியாதா? முடியும். வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி இரண்டையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். வசதிகளில் என் பெட்டி அவற்றின் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் மவுஸால் ஒரு நேரத்தில் ஒரு குமிழைத்தான் பிடிக்க முடியும். கருவியில் இடது கை கட்டாஃபையும் வலது கை டிகேயையும் சேர்த்துத் திருப்பும்போது, கண் எதையும் பார்க்காமல் காது மட்டும் வழி சொல்லும். எனக்கு அந்த வித்தியாசம் மிகப் பெரியது. கணினியில் உட்கார்ந்தால் நூற்றுக்கணக்கான ஒலிகளைத் தேடிக் கேட்டே மாலை போய்விடும். பெட்டியில் தேட எதுவும் இல்லை, நாம்தான் செய்தாக வேண்டும்.

தயாரித்த ஒலியைச் சேமிக்கவும் முடியாது. எட்டு சீக்வென்ஸ்களை, அதாவது தானாகத் திரும்பத் திரும்ப ஓடும் ஸ்வர வரிசைகளை, நினைவில் வைத்துக்கொள்ளும், குமிழ்கள் நின்ற இடத்தை வைத்துக்கொள்ளாது. நல்ல ஒலி அமைந்தால் நான் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். 1970ல் வந்த மினிமூக் என்ற புகழ்பெற்ற சிந்தசைசரிலும் நினைவகம் இல்லை. அந்தக் காலத்தில் குமிழ்களின் நிலையைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டுதான் வாசித்தார்கள். எல்லா ஒலி அமைப்பையும் சேமித்துவைக்கும் ப்ராஃபெட்-5 என்ற சிந்தசைசர் 1978ல்தான் வந்தது.

சரி, இதை வைத்து இசை எப்படிச் செய்வது? ஸ்வர வரிசையை ஓட்டும் சீக்வென்சரில் 16 படிகள், நான்கு படி ஒரு துடிப்பு. நிமிடத்துக்கு 80 துடிப்பு என்று வைத்தால் ஒரு சுற்று சரியாக மூன்று விநாடி. நான்கைந்து ஸ்வரங்களை அதில் போட்டு ஓட விடுவேன். எல்எஃப்ஓவைக் கட்டாஃபுக்குக் கொடுத்து, அதன் ஒரு சுற்று ஐந்து விநாடி போல வரும்படி குறைத்து வைப்பேன். மூன்றும் ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்தாததால், அதே ஸ்வரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வெளிச்சத்தில் கேட்கும். சில ராத்திரிகளில் வேறெதுவும் செய்யாமல் இதையே அரைமணி நேரம் கேட்டிருக்கிறேன். அப்புறம் அதைக் கணினியில் பதிவு செய்து, அதே பெட்டியில் கீழ்ஸ்தாயியில் ஒரு பேஸ், அதன் மேல் ஒரு மெல்லிய சரம் என்று அடுக்குவேன். இசைக் கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் ஐந்து முள் மிடி கேபிள் வழியாகக் கணினியே தாளம் கொடுத்துவிடும், எல்லா அடுக்கும் சேர்ந்து ஓடும்.

பதிவு செய்யும்போது எனக்கு நடந்த ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். பெட்டியில் இருப்பது ஒரே ஒரு ஹெட்ஃபோன் துளை. அதிலிருந்து, ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு ஒரு ஸ்டீரியோ கேபிளைச் சொருகினேன். ஹெட்ஃபோனில் கணீரென்று கேட்ட ஒலி, கணினியில் கிட்டத்தட்ட காணாமலே போனது. கேபிள் பழுது என்று இன்னொன்று வாங்கினேன், அதிலும் அதேதான். காரணம் வேறு. இந்தக் கருவி மோனோ. இடதிலும் வலதிலும் ஒரே ஒலியைத்தான் அனுப்புகிறது. இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு உள்ளீடோ, இரண்டு கம்பிகளில் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். ஒரே ஒலியிலிருந்து அதே ஒலியைக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கும்? ஒரு முனை ஸ்டீரியோவாகவும் மறு முனை இரண்டு மோனோ பின்களாகவும் பிரிகிற கேபிளை வாங்கி, அதில் ஒரு பின்னை மட்டும் சொருகினேன். சரியாகிவிட்டது. மோனோ கருவி எதை வாங்கினாலும் இதை நினைவில் வையுங்கள்.

இரண்டு கையாலும் பியானோ மாதிரி வாசிப்பவராக இருந்தால் இது உங்களுக்கு வேண்டாம். ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரம்தான் ஒலிக்கும், மூன்றுக்கும் ஒரே ஃபில்டர்தான். வாசிக்கவும் வேண்டும், ஒலியும் செய்ய வேண்டும் என்றால் 37 கட்டையும் நான்கு குரலும் (ஒரே நேரத்தில் நான்கு ஸ்வரம்) உள்ள கோர்க் மினிலாக் பக்கம் போங்கள். அளவு சின்னதாகவே இருக்க வேண்டும், ஒலிகளைச் சேமிக்கவும் வேண்டும் என்றால் 2023ல் வந்த ரோலண்ட் எஸ்-1ஐப் பாருங்கள்; அதற்கும் நான்கு குரல்.

இன்னும் முடிவு செய்யாமல் இருந்தால், முதலில் வைட்டலை இறக்கி, உள்ளே இருக்கும் தயார் ஒலிகளைத் தொடாமல் வெறும் ஒரு ஆசிலேட்டர், ஒரு ஃபில்டர், ஒரு என்வலப் மட்டும் வைத்து ஒரு வாரம் விளையாடுங்கள். அந்த வாரத்தில் மவுஸை விட்டுவிட்டு இரண்டு கையாலும் திருப்ப வேண்டும் என்று தோன்றினால், தயங்காமல் வாங்குங்கள்.