ஹெட்ஸ்டாக்ல பேரே இல்லாத ஜப்பான் லெஸ் பால்: வாங்கலாமா, வேணாமா?

கேள்வி: அண்ணா, நான் நாகோயால வேலை பாக்குறேன். இங்க ஒரு பழைய சாமான் கடைல அமெரிக்க கிப்சன் கம்பெனியோட லெஸ் பால் மாடல் ஷேப்ல, ஓரம் கருத்து நடுவுல வெளுத்த சன்பர்ஸ்ட் கலர் கிட்டார் ஒண்ணு கெடக்கு. ஹெட்ஸ்டாக்ல, அதாவது நெக்கோட தலைல, இருந்த பேரை யாரோ சுரண்டி எடுத்துட்டாங்க. பின்னாடி நெக் சேர்ற எடத்துல நாலு ஸ்க்ரூ போட்ட தகடு, அதுல இங்கிலீஷ்ல "ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக், மேட் இன் ஜப்பான்"னு அடிச்சிருக்கு, சீரியல் நம்பர் எங்கயும் இல்ல. கடைக்காரர் இது எழுபதுகள்ல கிப்சன் கேஸ் போட்ட கிரெகோ, "லாசூட் கிட்டார்"னு சொல்லி 48,000 யென் கேக்குறாரு. நம்பலாமா? இதையெல்லாம் எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: தம்பி, நேரா தகட்டுக்கு வந்துருவோம், நீ சொன்னதுலயே உருப்படியான தடயம் அது ஒண்ணுதான். "ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்"னு அடிச்ச நாலு ஸ்க்ரூ தகடுன்னா பெரும்பாலும் மட்சுமோகு ஃபேக்டரி சரக்கு. உன் ஊர்ல இருந்து ரயில் ஏறுனா ரெண்டு மணி நேரத்துல மட்சுமோட்டோ வரும் பாரு, நாகானோ பக்கம், அந்த ஊர்க்காரங்க. 1951ல ஆரம்பிச்ச கம்பெனி, சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செஞ்சு குடுத்துட்டிருந்தவங்க, மர வேலைல கை நல்லா பழகியிருந்ததால அப்படியே கிட்டாருக்கு வந்துட்டாங்க. ஏரியா, யூனிவாக்ஸ், எலெக்ட்ரா, எபிஃபோன்னு யாரு ஆர்டர் குடுத்தாலும் அவங்கவங்க பேரை ஒட்டி அனுப்பிருவாங்க, நிர்வாணா பாண்டோட கர்ட் கோபேன் வச்சிருந்த யூனிவாக்ஸ் ஹை ஃப்ளையர் கூட இவங்க செஞ்சதுதான். 1987ல கடையை மூடிட்டாங்க.

கிரெகோங்கிறது டோக்கியோல இருக்குற காண்டா ஷோகாய் கம்பெனியோட பிராண்டு. அவங்களுக்கு சொந்த ஃபேக்டரி கெடையாது, எழுபதுகளோட நல்ல கிரெகோ எல்லாம் பெரும்பாலும் அதே மட்சுமோட்டோல இருக்குற ஃபூஜிஜென்ல செஞ்சது, இபானெஸ் பிராண்டு கிட்டாரும் அங்கதான் செஞ்சாங்க. அதனால உன் கிட்டார்ல கிரெகோன்னு பேரு இருந்திருக்க வாய்ப்பு கம்மி. பேரு சுரண்டப்பட்டதுக்கு நான் ரொம்ப வருத்தப்படவும் மாட்டேன். இந்தக் கால ஜப்பான் கிட்டார்ல ஹெட்ஸ்டாக்ல இருக்கிறது ஆர்டர் குடுத்தவன் பேரு, செஞ்சவன் பேரு வேற எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், நாம தேட வேண்டியது அதைத்தான்.

அந்த லாசூட், அதாவது கோர்ட் கேஸ், கதைய ஒரு தடவை தெளிவா சொல்லிடுறேன், ஏன்னா இதை வச்சுத்தான் பாதி பேரு விலைய ஏத்துறாங்க. நடந்தது ஒரே ஒரு கேஸ். 1977 ஜூன்ல கிப்சனை அப்ப கையில வச்சிருந்த நார்லின் கம்பெனி, ஃபிலடெல்ஃபியா கோர்ட்ல எல்ஜர்ங்கிற கம்பெனி மேல போட்டது. எல்ஜர்ங்கிறது இபானெஸ் விக்கிற ஹோஷினோ கக்கியோட அமெரிக்க கிளை, ஹோஷினோ உன் நாகோயாக்காரங்கதான். சண்டை எதுக்குன்னா ஹெட்ஸ்டாக் உச்சி, கிப்சன்ல தெறந்த புத்தகம் மாதிரி ஒரு வளைவு வரும்ல, அந்த ஷேப்புக்கு. பாடி, பிக்கப் (கம்பியோட அதிர்வைப் புடிச்சு கரண்டா மாத்துற காந்தம்), சவுண்டு எதைப் பத்தியும் இல்ல. இபானெஸ் அதுக்கு முன்னாடியே ஹெட்ஸ்டாக்கை மாத்த ஆரம்பிச்சிட்டாங்க, 1978 ஆரம்பத்துல கோர்ட்டுக்கு வெளிய பேசி முடிச்சிட்டாங்க. கிரெகோவும், அதே மாதிரி ஜப்பான் பிராண்டுங்களான டோக்காயும் பர்னியும் அந்த கேஸ்லயே இல்ல, கேஸுக்கு அப்புறமும் ஜப்பானுக்குள்ள வருஷக்கணக்கா அதே ஷேப்ல செஞ்சு வித்துட்டுத்தான் இருந்தாங்க. இன்னொண்ணு, லாசூட்னு யாராவது சொன்னா அது தரத்துக்கு சர்டிஃபிகேட்டும் இல்ல, அந்தப் பேருல படு மட்டமான கிட்டாரும் ஏராளமா இருக்கு.

இப்ப கிட்டாரை கையில எடு, கவுத்துப் போட்டு நெக் சேர்ற எடத்தை நல்லா பாரு. உன்னுது போல்ட் ஆன், அதாவது நெக்கை ஸ்க்ரூ போட்டு பாடில மாட்டுனது. கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டும் கஸ்டமும் எப்பவுமே நெக்கை பசை போட்டு இறுக்குன செட் நெக்தான். எழுபதுகளோட முதல் பாதில வந்த ஜப்பான் காப்பிங்க பெரும்பாலும் போல்ட் ஆன், ஃபோட்டோவையும் கேட்டலாக்கையும் பாத்து செஞ்சாங்கன்னு சொல்லுவாங்க, எனக்கு என்னமோ செலவு கம்மி, வேலை சீக்கிரம் முடியும்ங்கிறதுதான் பெரிய காரணமா தெரியுது. எழுபதுகளோட நடுவுல இருந்து செட் நெக் வர ஆரம்பிச்சு, 1978ல டோக்காய் லெஸ் பால் ரீபார்ன் போட்டதும் போட்டி சூடு புடிச்சிருச்சு, அதுதான் பின்னாடி லவ் ராக்னு பேரு மாறுனது, 1980 வாக்குல கிரெகோ சூப்பர் ரியல் வந்தப்ப அம்பதுகளோட கிப்சனை அங்குலம் அங்குலமா அளந்து செய்யிற நிலைமைக்கு வந்துட்டாங்க. ஜனங்க தேடித்தேடி பெரிய காசு குடுக்கிறது இந்த ரெண்டாவது கூட்டத்துக்கு. உன் கிட்டார் முதல் கூட்டம்.

அடுத்து மேல் பலகை. ரெண்டு பிக்கப்புக்கும் நடுவுல விரல் முட்டியால தட்டிப் பாரு, டொக்குன்னு கெட்டியா கேக்குதா இல்ல பொத்துன்னு காலியா கேக்குதான்னு. அந்தக் கால மலிவு காப்பிங்கள்ல மேல வளைஞ்சு தெரியறது செதுக்குன மேப்பிள் இல்ல, அழுத்தி வளைச்ச ப்ளைவுட், அதுக்கும் அடி பாடிக்கும் நடுவுல காத்துதான் இருக்கும். கடைக்காரர் விட்டா பிக்கப் ரிங்கோட நாலு ஸ்க்ரூவை கழட்டி பிக்கப்பை லேசா தூக்கிப் பாரு, குழியோட ஓரத்துல மெல்லிசு மெல்லிசா அடுக்கு தெரிஞ்சா கேள்வியே வேணாம். ஆனா பாடியோட பக்கவாட்டுல கோடு தெரியுதேன்னு மட்டும் வச்சு காப்பின்னு முடிவு பண்ணிராத, 1969க்கு அப்புறம் எழுபதுகள்ல ரொம்ப காலம் கிப்சனே பாடியை அடுக்கி ஒட்டித்தான் வித்தாங்க, அந்த வருஷத்து கிப்சனைப் பாத்து காப்பி அடிச்சவங்க அதையும் சேத்து காப்பி அடிச்சிருக்காங்க.

ஸ்க்ரூ கழட்டுறப்ப ஒரு விஷயம். ஜப்பான் ஸ்க்ரூவோட நட்சத்திரப் பள்ளம் சாதாரண ஃபிலிப்ஸ் டிரைவருக்கு சரியா உக்காராது, நழுவி தலையை தின்னுரும். நீ இருக்கிற ஊர்ல எந்த ஹார்டுவேர் கடைல வாங்கினாலும் ஜப்பான் அளவு டிரைவர்தான் குடுப்பாங்க, அதையே எடுத்துட்டுப் போ, ஊர்ல இருந்து கொண்டுவந்த டூல் கிட்டைத் தொடாத. சில ஸ்க்ரூ தலையில குட்டியா ஒரு புள்ளி இருக்கும், அது ஜப்பான் அளவுன்னு அடையாளம். தலை கெட்டுப்போன ஸ்க்ரூவா இருந்தா முன்னாடி யாரோ தெறந்து எதையோ மாத்தியிருக்காங்கன்னும் வச்சுக்கலாம்.

அளவு வச்சு கண்டுபிடிக்கிறதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச வழி, ஏன்னா ஸ்டிக்கரை மாத்தலாம், அளவை மாத்துறது கஷ்டம். வால்யூம் நாபை புடுங்கி உள்ள இருக்கிற பாட், அதாவது சவுண்டை ஏத்தி இறக்குற திருகு, அதோட தண்டைப் பாரு. அமெரிக்க சிடிஎஸ் கம்பெனி பாட்ல பல்லு பொடிசா 24 இருக்கும், ஜப்பான் பாட்ல பெருசு பெருசா 18 தான். தண்டும் 6 மில்லிமீட்டர், அமெரிக்காவுது கால் அங்குலம், கொஞ்சம் தடி. பின் மூடியைத் தெறந்தா பாட்டோட உடம்பு சைஸ்லயும் வித்தியாசம் தெரியும், மலிவு ஜப்பான் காப்பில சின்ன பாட்தான் பெரும்பாலும் இருக்கும். பிக்கப்பை தூக்குறப்ப அடித்தட்டுல மேக்சன்னு பேரோ நம்பரோ இருக்கான்னு பாரு, அது நிஷின் ஒன்பா செஞ்சது, இபானெஸ், கிரெகோ ரெண்டுலயும் வரும். ஆனா பிக்கப்பைக் கழட்டி வேறொண்ணை மாட்டுறது அரை மணி நேர வேலை, அதனால பிக்கப்பை மட்டும் வச்சு கிட்டாருக்கு பேரு வைக்காத.

உன் கிட்டார்ல சீரியல் இல்லாதது தப்பு இல்ல, 1975 வரைக்கும் இபானெஸ்லயே சீரியல் கெடையாது. அதுக்கப்புறம் இபானெஸும் கிரெகோவும் ஒரே முறைய வச்சாங்க: முதல் எழுத்து மாசம், ஏ ஜனவரி, எல் டிசம்பர், அடுத்த ரெண்டு இலக்கம் வருஷம். "ஈ 772345"னு இருந்தா 1977 மே. ஆனா நாளைக்கு நீ இதே கடைல ஒரு ஸ்ட்ராட்டை, அதாவது ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பாத்து இதே மாதிரி ஈ நம்பரைப் படிச்சா ஏமாந்துருவ. ஃபெண்டர் ஜப்பான்ல ஈ வந்தா 1984ல இருந்து 87 வரைக்கும், அமெரிக்க ஃபெண்டர்ல ஈ வந்தா எண்பதுகள், பக்கத்து இலக்கம் வருஷம். ஜேவின்னு ஆரம்பிச்சா 1982ல காண்டா ஷோகாயும் யமானோங்கிற கம்பெனியும் ஃபெண்டரோட கூட்டு சேந்தப்ப ஃபூஜிஜென்ல செஞ்ச முதல் சரக்கு, அது கண்ணுல பட்டா யோசிக்காம எனக்கு மெசேஜ் போடு. எந்த பிராண்டுன்னு தெரியாம நம்பரை மட்டும் படிக்கிறதுல பிரயோஜனமே இல்ல.

பேரு இருக்கிற கிட்டாரா கெடைச்சா மாடல் நம்பர்லயே அப்ப வித்த விலை இருக்கும், இது பல பேருக்குத் தெரியாது. டோக்காய் எல்எஸ் 80னா 80,000 யென், கிரெகோ ஈஜி 700னா 70,000 யென். நம்பர் ஏற ஏற மரமும் ஃபினிஷும் நல்லாருக்கும், மேல் வகைல நெக் ஓரத்துல ஒட்டுற பைண்டிங் பட்டை ஒவ்வொரு ஃப்ரெட்டோட (நெக் மேல குறுக்க பதிச்ச உலோகக் கம்பி) முனையையும் கிப்சன் மாதிரி கொஞ்சம் மூடிட்டு நிக்கும், நகத்தை ஓட்டுனா தட்டுப்படும். உன்னுதுல ஃப்ரெட் பைண்டிங்குக்கு மேல ஏறி ஓரம் வரைக்கும் போயிருந்தா அது மலிவு வகை இல்லன்னா ஃப்ரெட் மாத்துனது.

பழைய ஜப்பான் கிட்டாருக்கு கிப்சன் பேரை ஒட்டி விக்கிறவங்களும் இருக்காங்க. அது காப்பி இல்ல, மோசடி, எவ்வளவு நல்லா வாசிச்சாலும் தொடாத, திரும்ப விக்கிறப்ப நீதான் மாட்டுவ. அதே மாதிரி எண்பதுகளோட கொரியா கிட்டாரை ஜப்பான்னு சொல்றதும் சகஜம், 1985 பிளாசா ஒப்பந்தத்துக்கு அப்புறம் யென் ஏறுனதும் மலிவு ஆர்டர் எல்லாம் கொரியாவுக்குப் போயிருச்சு. உன்னுதுல தகட்டுலயே ஜப்பான்னு அடிச்சிருக்கிறதால அந்த பயம் இல்ல, தகடு அந்த பாடியோடதான்னு மட்டும் பாத்துக்க, ஓரத்துல பழைய தகடோட தழும்பு வேற அளவுல தெரியக்கூடாது.

கடைக்காரர் ஃப்ரெட்போர்டு பிரேசிலியன் ரோஸ்வுட்னு ஒரு பிட்டைப் போட்டா சிரிச்சுட்டு விட்டுரு. இந்த வகை கிட்டார்ல பெரும்பாலும் இந்தியன் ரோஸ்வுட்தான், அதாவது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம். அப்படி இருக்கிறதுதான் உனக்கு நல்லதும் கூட. பிரேசில் மரம் 1992ல இருந்து சர்வதேச ஒப்பந்தத்துல கடுமையான பட்டியல்ல இருக்கு, பெர்மிட் இல்லாம ஊருக்குக் கொண்டுபோக முடியாது. மத்த ரோஸ்வுட்ல செஞ்ச முழு கிட்டாருக்கு 2019 கடைசில விலக்கு குடுத்துட்டாங்க.

விலைக்கு வருவோம். 48,000 யென் இதுக்கு அநியாயம். பேரு இல்ல, போல்ட் ஆன், மேல் பலகை ப்ளைவுட்டா இருக்க நெறைய வாய்ப்பு, சேத்து வைக்கிறதுக்கு வாங்குறவன் இதைத் தொடமாட்டான். வாசிக்கிறதுக்குன்னா மட்சுமோகு வேலை சுத்தமா இருக்கும், நான் குறை சொல்லமாட்டேன், 20,000க்குள்ள படிஞ்சா எடுத்துக்க. அதுக்கு முன்னாடி ஹெட்ஸ்டாக்ல ட்ரஸ் ராட் (நெக் வளையாம இருக்க உள்ள ஓடுற இரும்புக் கம்பி) மூடியைக் கழட்டி நட்டு ரெண்டு பக்கமும் கால் சுத்து திரும்புதான்னு பாரு, இறுகிப்போய் திரும்பலன்னா 10,000த்துக்கும் வேணாம். கடைக்காரர் விடமாட்டேன்னு சொன்னா தகடு, பிக்கப் குழி, பாட் மூணையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பு, பாத்துட்டு சொல்றேன்.